கமராவைத் தள்ளி வைத்த பகிடிக்காரர்

வாசகர் கேள்வி – பதில்

பிரெஞ்சு நகைச்சுவை நடிகரும் நெறியாளருமான ழாக் தாத்தி பற்றிச் சென்ற இதழில் நாலு வரி எழுதியிருந்தோம். அதைத் தொடர்ந்து வந்த கேள்விகளில் ஒரேமாதிரி இருந்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

தாத்தியின் பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன். ஆள் யார்? எந்தப் படத்திலிருந்து தொடங்கலாம்?
வாசகி, தெஹிவளை

1907இல் பரிஸ் நகருக்குப் பக்கத்தில் லு பெக் என்ற ஊரில் பிறந்தவர். முழுப்பெயர் ழாக் தாத்திஷெஃப். தந்தை வழியில் ரஷ்ய வம்சம். ஓவியங்களுக்கு மரச்சட்டம் அடிப்பது குடும்பத் தொழில். அதைப் பழகினார், மனம் ஒட்டவில்லை. றக்பி விளையாடப் போன இடத்தில் கூட்டாளிகளைப் போல நடித்துக் காட்டியதுதான் பிழைப்பாக மாறியது. 1930களில் பரிஸ் மேடைகளில் வாய் திறக்காமல் டென்னிஸ் ஆடினார், குத்துச்சண்டை போட்டார், கோல் காத்தார். குதிரையையும் அதில் ஏறியிருப்பவரையும் ஒரே உடம்பில் காட்டினார். எழுத்தாளர் கொலெத் 1936இல் அதை வியந்து எழுதிய பிறகு பெயர் பரவியது.

முழுநீளப் படம் ஆறே ஆறு: 'ழூர் து ஃபெத்' (1949), 'முசியே ஹூலோவின் விடுமுறை' (1953), 'மோன் ஓங்கிள்' (1958), 'பிளேடைம்' (1967), 'திராஃபிக்' (1971), 'பராத்' (1974). 1982 நவம்பரில் பரிஸ் நகரில் காலமானார்.

முதலில் 1953 படத்தைப் பாருங்கள். ஆரம்பத்திலேயே ரயில் நிலைய ஒலிபெருக்கி ஏதோ கரகரக்கிறது. ஒரு சொல்லும் விளங்காமல் சனம் ஒரு மேடையிலிருந்து இன்னொன்றுக்கு ஓடுகிறது. கோட்டை ரயில் நிலையத்தில் அறிவிப்புக் கேட்டவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. அது பிடித்தால் 'மோன் ஓங்கிள்'. பிறகு 'ழூர் து ஃபெத்'. 'பிளேடைமை' நாலாவதாக, கிடைக்கிற மிகப் பெரிய திரையில் பாருங்கள். 'பராத்' சுவீடன் தொலைக்காட்சிக்காகப் பெரும்பாலும் வீடியோவில் எடுத்த சர்க்கஸ் நிகழ்ச்சி. தாத்தியில் ஏற்கெனவே பிரியம் வைத்தவர்களுக்கு மட்டும்.

மிஸ்டர் பீன் இவரைப் பார்த்துத்தான் செய்தாரா?
எஸ். ஆர்., வெள்ளவத்தை

பீனாக நடித்த ரோவன் அட்கின்சன், தாத்தி தன் படங்களில் தானே நடித்த பாத்திரமான ஹூலோவின் பாதிப்பை ஒளித்ததில்லை. ஆனால் வேலைப்பாடு வேறு. பீன் காட்சியின் நடுவில் நிற்பார், கமரா அவர் முகத்தை விடாது. ஹூலோ திரைச் சட்டத்தின் ஓரத்தால் வந்து, எதையோ தட்டிவிட்டு, மன்னிப்புக் கேட்டபடி போய்விடுவார். பகிடி நடப்பது மற்றவர்களுக்கு. பீன் தன்னலக்காரர், ஹூலோவின் சிக்கலே அளவு மீறிய மரியாதை. 'பிளேடைமில்' தாத்தி இன்னும் ஒரு படி போய், தூரத்திலிருந்து பார்த்தால் ஹூலோ போலவே தெரியும் வேறு ஆட்களை உலவ விட்டார். நாயகனை நாமே தேடிப் பிடிக்கவேண்டியிருக்கிறது. காசு கொடுத்து நட்சத்திரத்தைப் பார்க்க வந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை என்பதும் உண்மை.

கமலின் 'பேசும் படம்' பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள். அதில் வசனம் இல்லை, ஆனால் கதை இறுக்கமாக ஓடுகிறது. தாத்தியிடம் வசனம் இருக்கிறது, கதைதான் பேருக்கு.

'ழூர் து ஃபெத்' ஒரு இடத்தில் கறுப்பு வெள்ளை, இன்னொரு இடத்தில் கலர். எது அசல்?
வாசகர், பம்பலப்பிட்டி

மூன்று பதிப்பு இருக்கிறது, மூன்றுக்கும் காரணம் இருக்கிறது.

படப்பிடிப்பு 1947இல் பிரான்சின் நடுப்பகுதியிலுள்ள சாந்த் செவேர் கிராமத்தில் நடந்தது. தோம்சன் நிறுவனத்தின் புதிய கலர் முறையில் எடுக்கத் திட்டம். அந்த முறையில் ஃபிலிமின் முதுகில் கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு வில்லைகள் அச்சிடப்பட்டிருக்கும். கமராவின் முன்னால் மூன்று நிறப் பட்டைகள் கொண்ட வடிகட்டி. பதிவாவது கறுப்பு வெள்ளைதான். நிறம் அந்த வில்லைகளுக்குப் பின்னால் நுண்ணிய கோடுகளாக ஒளிந்திருக்கும். பிழைத்தது எங்கே என்றால், பிரதி எடுப்பதில். அந்தக் கோடுகளைக் குழப்பாமல் தியேட்டர்களுக்குத் தேவையான பிரதிகளை அடிக்க நிறுவனத்தால் முடியவில்லை. நல்ல காலம், பக்கத்தில் சாதாரணக் கறுப்பு வெள்ளைக் கமரா ஒன்றையும் ஓட விட்டிருந்தார்கள். 1949இல் வெளிவந்தது அது. வெனிஸ் விழாவில் திரைக்கதைக்குப் பரிசும் வாங்கியது.

1964இல் தாத்தி அதைத் திரும்ப எடுத்து, ஓவியர் ஒருவரைப் புதுப் பாத்திரமாக நுழைத்து, கொடி போன்ற சில பொருட்களுக்கு மட்டும் நிறம் ஏற்றினார். மூன்றாவது, அவருடைய மகள் சோஃபியும் ஃபிரான்சுவா எத் என்பவரும் பழைய கலர்ச் சுருளிலிருந்து மீட்டு 1995இல் வெளியிட்டது.

எங்கள் தெரிவு 1995. கிராமத்தைச் சாம்பல், மங்கல் நிறங்களில் வைத்துத் திருவிழா வண்டிகள் வரும்போது நிறம் உள்ளே வருவதாகத்தான் தாத்தி திட்டமிட்டிருந்தார். கறுப்பு வெள்ளையில் அந்தக் கணக்கு தெரியாது. கலர் கொஞ்சம் வெளிறித்தான் இருக்கும். தொலைக்காட்சியில் நிறத்தைக் கூட்டாதீர்கள்.

'ஹூலோவின் விடுமுறை'யையும் அவர் சும்மா விடவில்லை. 1978இல் ஒரு காட்சி சேர்த்தார்: இரண்டாக மடிந்த படகு சுறாவின் வாய் போலத் தெரிந்து கடற்கரையே ஓடுகிறது. அது இருந்தால் உங்களிடம் இருப்பது பிந்திய பதிப்பு. 'மோன் ஓங்கிளுக்கு' ஆங்கிலப் பதிப்பு ஒன்றைக் கூடவே படமாக்கினார்கள். நீளம் சில நிமிடம் குறைவு. பிரெஞ்சையே தேடி எடுங்கள்.

நாங்கள் நாலு பேர், கைத்தொலைபேசியில் மூன்று நிமிட வசனமில்லாக் குறும்படம் எடுக்கிறோம். அடுக்குமாடி லிஃப்ட் வாசலில் ஒருவர் எல்லோருக்கும் வழி விட்டு விட்டுக் கடைசிவரை ஏறாமல் நிற்கிறார். எடுத்துப் போட்டுப் பார்த்தால் சிரிப்பே வரவில்லை. எங்கே பிழை?
கே. டி., கொட்டாஞ்சேனை

அனுப்பிய துண்டைப் பார்த்தோம். கருவில் குறை இல்லை. நாற்பது செக்கனுக்குள் பதினொரு வெட்டு, அதில் ஆறு முகத்துக்குப் பக்கத்தில். பகிடி செத்தது அங்கேதான். வழி விடுவது முழு உடம்பால் செய்யும் வேலை: பாதம் பின்னே போகிறது, இடுப்பு ஒதுங்குகிறது, கை "போங்கோ" என்கிறது. முகத்தை மட்டும் காட்டினால் இவை எல்லாம் சட்டத்துக்கு வெளியே போய்விடும்.

கமராவை முக்காலியில், நெஞ்சு உயரத்தில் வையுங்கள். சாதாரண வில்லையைப் பாவியுங்கள், அகலமாக்கும் 0.5 வில்லை லிஃப்ட் கதவின் கோடுகளை வளைத்துவிடும். தலையிலிருந்து சப்பாத்து வரை நாலு பேர் தெரிய ஏறக்குறைய 4 மீற்றர் தள்ளி நிற்கவேண்டும். உங்கள் மாடியில் அந்த இடம் இல்லை என்று தெரிகிறது. அப்படியானால் தரைத்தளத்து லிஃப்ட் வாசலுக்கு மாறுங்கள், அல்லது நடைபாதையின் மறு அந்தத்தில் கமராவை வையுங்கள். தூரம் பகிடியைக் கெடுக்காது.

ஒரே எடுப்பில் முழுவதையும் எடுங்கள். ஒத்திகையில் எண்ணிக்கை போடுங்கள்: கதவு திறக்க இரண்டு, ஆட்கள் வர மூன்று, ஒதுங்க இரண்டு, கதவு மூட இரண்டு. முதல் தடவையும் இரண்டாம் தடவையும் ஒரே தாளம். மூன்றாம் தடவை, வழி விட ஒருவருமே இல்லாமல் காலி லிஃப்ட் திறக்கட்டும். அவர் பழக்க தோஷத்தில் ஒதுங்கி நிற்க, கதவு மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு மூன்று செக்கன் விட்டுத்தான் நிறுத்தவேண்டும். உடனே வெட்டினால் பார்ப்பவர் சிரிப்பதற்கு இடமில்லை.

ஒரு நேரத்தில் ஒன்றுதான் அசையட்டும். அகலச் சட்டத்தில் கண் அசைவின் பின்னால் போகும். நீங்கள் எடுத்ததில் அவர் ஒதுங்கும் அதே கணம் பின்னால் ஒரு பையன் பந்து தட்டுகிறான். கண் பந்தோடு போய்விடுகிறது.

இனி ஒலி. தாத்தி படப்பிடிப்பில் பதிவான ஒலியை நம்பியதில்லை. படத்தை எடுத்து முடித்துவிட்டுச் சத்தங்களை ஒவ்வொன்றாகத் தனியே செய்து ஒட்டினார். 1953 படத்தில் சாப்பாட்டு அறையின் ஊஞ்சல் கதவு ஒவ்வொரு தடவையும் வீணைத் தந்தியைச் சுண்டியதுபோல் ஒலிப்பது அப்படித்தான். கதவு சாதாரணக் கதவு. சிரிக்க வைப்பது அந்த ஒலியும், அதை யாரும் கவனிக்காததும்.

நீங்களும் இடத்து ஒலியை முழுதாக அணைத்துவிட்டு, காட்சிக்கு மூன்று சத்தம் மட்டும் தெரிவு செய்யுங்கள்: லிஃப்டின் மணி, கதவின் இழுவை, அவருடைய சப்பாத்து. சப்பாத்தைத் தோல் அடியுள்ளதாக எடுத்து ஓட்டுத் தரையில், மைக்கை ஒரு சாண் தூரத்தில் வைத்து ஒவ்வொரு அடியாகப் பதியுங்கள். மின்விசிறியும் குளிர்சாதனப் பெட்டியும் அணைந்திருக்கவேண்டும். (பெட்டியைத் திரும்பப் போட மறந்தால் அம்மாவின் வாயிலிருந்து வருவதையும் பதியலாம்.) பகலில் எந்த யன்னலைச் சாத்தினாலும் ஹோர்ன் உள்ளே வரும், இரவு பதினொன்றுக்குப் பிறகு முயலுங்கள். ஒலி அளவு மீற்றரின் உச்சம் கழித்தல் 12 டெசிபலுக்கும் கழித்தல் 6 டெசிபலுக்கும் இடையில் நிற்கட்டும்.

ஒலி நழுவுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதற்குக் காரணம், கைத்தொலைபேசிகள் வெளிச்சத்துக்கு ஏற்பச் சட்ட வேகத்தைத் தாமே கூட்டிக் குறைப்பது. வேகத்தைப் பூட்டிவைக்கும் செயலி ஒன்றில் செக்கனுக்கு 25 சட்டம், ஷட்டர் செக்கனில் 50இல் ஒரு பங்கு என்று போடுங்கள். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் நடைபாதைக் குழல் விளக்கின் துடிப்பும் அதோடு நிற்கும். ஒட்டும்போது சந்தேகம் வந்தால் சத்தத்தை ஒரு சட்டம் பிந்த விடுங்கள். தூரத்துச் சத்தம் பிந்தி வருவது காதுக்குப் பழக்கம். முந்தினால் உடனே பொய் தெரியும்.

பின்னணி இசையை எடுத்துவிடுங்கள். "இப்போது சிரி" என்று அது சொல்லிக்கொண்டே இருக்கிறது.

ஹூலோவின் நடையைப் பாடசாலை நாடகத்துக்குப் பழக்க முடியுமா?
ஆசிரியை, வத்தளை

முடியும். பிள்ளைகள் எல்லோரும் விடும் பிழை இடுப்பில் குனிவது. சாய்வு கணுக்காலிலிருந்து வரவேண்டும், உடம்பு பலகைபோல் நேராக. எடை முன்பாதத்தில், குதி தரையை அரைகுறையாகத்தான் தொடும். முழங்கை வெளியே தள்ளி, கைகள் இடுப்பின் பின்பக்கம். அடி நீளம், துள்ளல் சிறிது. மூன்றாவது அடியில் தயங்கி, திரும்பிப் போக நினைத்து, பிறகும் முன்னே போவது. வாயில் சுங்கான் இருந்தால் தாடை தானாக முன்னுக்கு வரும். பிள்ளைகளுக்கு ஒரு பென்சில் போதும். காற்சட்டை கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும், கோடுபோட்ட காலுறை தெரியவேண்டும். மழை அங்கி, தொப்பி, குடை மிச்ச வேலையைச் செய்யும். உயரமான பிள்ளையைத் தெரிவு செய்யுங்கள். தாத்தியே ஆறடிக்கு மேல். சாய்வு எடுபடுவது அதனால்தான்.

ஒஸ்கார் வாங்கிய மனிதர் ஒரே படத்தில் எல்லாவற்றையும் இழந்தார் என்கிறார்கள். கணக்கு எங்கே பிழைத்தது?
கணக்காளர், கொள்ளுப்பிட்டி

'மோன் ஓங்கிள்' 1958இல் கான் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசையும், அடுத்த வருடம் சிறந்த பிறமொழிப் படத்துக்கான ஒஸ்காரையும் எடுத்தது. அந்தப் படத்திலேயே அவருடைய விருப்பம் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிகிறது. ஹூலோவின் சகோதரி வாழும் ஆர்பெல் குடும்பத்தின் நவீன வீடு முழுக்க நீஸ் நகர ஸ்ரூடியோவில் கட்டியது. படலையில் மணி அடித்தால் வீட்டு அம்மா முதலில் விசையைத் தட்டி மீன் சிலையின் வாயால் நீரைப் பீச்சவிடுவார். வந்தது பெரிய மனிதர் இல்லை, தம்பி ஹூலோதான் என்றால் தண்ணீர் நின்றுவிடும். வீடே நடிகர்.

அடுத்ததாக ஒரு நகரத்தை நடிகராக்கப் பார்த்தார். உண்மையான அலுவலகங்களிலும் விமான நிலையத்திலும் எடுத்தால் அவர்களுடைய வேலையை நிறுத்தவேண்டும், கண்ணாடித் தெறிப்பைக் கட்டுப்படுத்த முடியாது. ஆகவே பரிஸ் நகரின் தென்கிழக்கே, ஏறக்குறைய 15,000 சதுர மீற்றர் நிலத்தில், சொந்த மின்நிலையத்தோடு ஒரு நகரத்தைக் கட்டினார். 'தாத்திவில்' என்று பெயர் வந்தது. சில கட்டடங்களைத் தண்டவாளத்தில் தள்ளி இடம் மாற்றலாம். பின்னால் நிற்கும் சனத்திலும் கார்களிலும் ஒரு பகுதி ஆளளவில் வெட்டிய படங்கள்.

கணக்குப் பிழைத்தது ஒரு இடத்தில் அல்ல. முதலாவது, செட் திறந்தவெளியில். புயல் அடித்துச் சேதப்படுத்தியது, திருத்தக் காசு போனது. இரண்டாவது, காலம். 1964இல் தொடங்கிய வேலை 1967 வரை இழுத்தது. இடையிடையே நிறுத்தவேண்டி வந்ததற்குப் பெரிய காரணம்: காசு முடிந்தது, கடன் தேடவேண்டும். நிறுத்தினாலும் நிலமும் செட்டும் செலவு வைத்துக்கொண்டேயிருக்கும். மூன்றாவதுதான் பெரிய அடி. 70 மில்லிமீற்றர் ஃபிலிம், பல தட ஒலி. அதைக் காட்டத்தக்க தியேட்டர்களிலேயே ஓடவேண்டும் என்று நின்றார்; அப்படிப்பட்ட தியேட்டர்கள் குறைவு. டிசம்பர் 1967இல் வெளிவந்த நீண்ட பதிப்பைப் பிறகு தானே வெட்டினார். இன்று கிடைப்பது 124 நிமிடம். அமெரிக்காவில் வெளியாகவே 1973 ஆகிவிட்டது.

செலவுக்கு ஈடாக நின்றது அவருடைய சொந்தச் சொத்து. வீடு போனது. பழைய படங்களின் உரிமைகளும் கடன்காரர் பக்கம் போயின. கணக்காளராக உங்களுக்கு உறைக்கவேண்டியது இதுதான்: வருமானம் தந்துகொண்டிருந்த மூன்று படங்களை, இன்னும் வருமானமே காணாத ஒரு படத்துக்குப் பிணை வைத்தார். செட்டை நிரந்தர ஸ்ரூடியோவாக வைத்திருந்தால் வாடகையாவது வந்திருக்கும். அவரும் அதைத்தான் விரும்பினார். இடித்துவிட்டார்கள்.

வீண் என்று சொல்லமாட்டோம். அந்தக் காசு முழுவதும் திரையில் தெரிகிறது.

'பிளேடைமை' மடிக்கணினியில் பார்த்தேன். உணவகக் காட்சி முடிவில்லாமல் போகிறது, என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை.
வாசகர், மட்டக்குளி

பதின்மூன்று அங்குலத் திரையில் தெரியாது. முக்கால் மணி நேரத்துக்குக் கிட்டிய காட்சி, அண்மைக்காட்சி இல்லை, ஒரே நேரத்தில் நாலைந்து பகிடி ஓடுகிறது. நண்பர் வீட்டுப் பெரிய தொலைக்காட்சியில், திரையின் அகலத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரத்தில் இருந்து பாருங்கள். ஒவ்வொரு தடவையும் ஒருவரை மட்டும் பின்தொடருங்கள்.

முதலில் அந்த மீன். மேசைக்குப் பக்கத்தில் வைத்த ஒரே மீனுக்கு வேலையாள் மாறி வேலையாள் வந்து மசாலா போடுகிறார், பரிமாற ஒருவருமில்லை. அடுத்தது காற்சட்டை கிழிந்த வேலையாள். அவரை வெளியே ஒதுக்கிவிட, மற்றவர்கள் தங்கள் பழுதான கழுத்துப்பட்டி, சப்பாத்து, மேலங்கி எல்லாவற்றையும் அவரிடம் கொடுத்து நல்லதை வாங்கிப் போகிறார்கள். பிறகு கதிரைகள்: சாய்மானத்திலுள்ள கிரீட வடிவம் பட்டு முதுகில் அச்சு விழுந்தவர்கள் எத்தனை பேர் நடமாடுகிறார்கள் என்று எண்ணுங்கள். கண்ணாடிக் கதவு உடைந்த பிறகு வாசற்காவலர் கைபிடியை மட்டும் காற்றில் பிடித்து, இல்லாத கதவைத் திறந்து மூடி விருந்தினரை வரவேற்கிறாரே, அதை எப்படியும் தவறவிட்டிருக்கமாட்டீர்கள். கொழும்பில் புதிதாகத் திறக்கும் கண்ணாடிக் கட்டடங்களுக்கு அந்தப் பகுதியைக் கட்டாயம் போட்டுக் காட்டலாம்.

பியேர் எத்தேக்ஸ் தாத்தியின் மாணவரா?
பி. என்., பொரளை

உதவியாளர். 'மோன் ஓங்கிளுக்கு'ப் பகிடிகளை வரைந்து கொடுத்தார், சுவரொட்டியும் அவர் கைவண்ணம். பிறகு திரைக்கதை எழுத்தாளர் ழான் குளோத் கரியேரோடு சேர்ந்து தனிவழி போனார். இருவரும் செய்த குறும்படம் 1963இல் ஒஸ்கார் வாங்கியது. உரிமைச் சிக்கலால் அவருடைய படங்கள் நெடுங்காலம் முடங்கிக் கிடந்து 2010இல்தான் புதுப்பித்து வெளிவந்தன. 'யோயோ' (1965) கிடைத்தால் விடாதீர்கள்.

தமிழ் உபதலைப்பு இல்லை. பிரெஞ்சு தெரியாத நாங்கள் எப்படிப் பார்ப்பது? டிஸ்க் எங்கே கிடைக்கும்?
குடும்பத் தலைவி, கல்கிசை

உபதலைப்பே வேண்டாம். பேச்சைப் பாதி விளங்காத முணுமுணுப்பாகத்தான் அவர் கலந்திருக்கிறார். எழுத்தை வாசிக்கக் கண் கீழே போகும் நேரத்தில் மேலே ஒரு பகிடி முடிந்துவிடும். ஏழு எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு 'மோன் ஓங்கிள்' சரியாக இருக்கும். நாயும் உண்டு, விசில் அடித்துப் பாதசாரிகளை விளக்குக் கம்பத்தில் மோத விடும் பையன்களும் உண்டு. பிறகு வீட்டில் விசில் சத்தத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல.

பார்ன்ஸ் பிளேசில் உள்ள அலியான்ஸ் பிரான்ஸேஸ் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். போடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: 'பிளேடைம்' தவிர மற்றத் திரையரங்குப் படங்கள் ஏறக்குறையச் சதுரச் சட்டத்தில் எடுத்தவை. தொலைக்காட்சியில் இரண்டு பக்கமும் கறுப்பு வரும். அதை நிரப்ப 'சூம்' அழுத்தினால் மேலும் கீழும் வெட்டுப்பட்டு, ஹூலோவின் தொப்பியும் சப்பாத்தும் போய்விடும். அசைவை வழுவழுப்பாக்கும் வசதி இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.